கஹ்வா வந்த வழி: மோக்காவிலிருந்து தேங்காய்த்திட்டுக் கரை வரை



சென்ற குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாளன்று, ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு நாங்கள் பன்னிருவர் தேங்காய்த்திட்டுக் கழிமுகக் கரைக்குச் சென்றிருந்தோம். பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உறவினர் ஒருவர், வெட்டவெளியில் காப்பி தயாரிப்பதற்கென்றே செய்யப்பட்ட பெர்கோலேட்டர் என்னும் பாத்திரத்தை உடன் கொண்டுவந்திருந்தார். மூன்று செங்கற்களை அடுக்கி அடுப்பு மூட்டினோம். குளிர்காற்று வீசியதால், விரைவில் முடிய வேண்டுமென்று விறகை நிறையச் செருகினோம். பாத்திரம் சீறிக் கொதித்தது. வாசனையோ கரை முழுவதும் பரவியது. ஆனால், முதல் குவளையை வாங்கிய பெரியவர் ஒரு மிடறு பருகிவிட்டு, "இது காப்பி இல்லை தம்பி, கஷாயம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவரே, "இதை முதன்முதலில் காய்ச்சிக் குடித்தவர்கள் யார் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று வினவினார். ஒருவர் பிரெஞ்சுக்காரர் என்றார். மற்றொருவர் ஆங்கிலேயர் என்றார். கும்பகோணம் என்றாரும் உண்டு. அன்று பெரியவர் தொடங்கிவைத்த அந்த உரையாடலே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இரவு வணக்கத்தின் துணை

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. எனினும், அதன் கொட்டையைக் காய்ச்சிப் பருகும் பழக்கத்தை உறுதியான வரலாற்றுச் சான்றுகளுடன் நாம் முதலில் காண்பது, 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், யமன் நாட்டு ஸூஃபி ஞானியரிடத்தில்தான். இரவு நெடுகிலும் திக்ரிலும் வணக்கத்திலும் ஈடுபட்ட அவர்கள், உறக்கத்தை விலக்கும் பொருட்டு இப்பானத்தை அருந்தினர். அதனைக் 'கஹ்வா' என்று அழைத்தனர். துருக்கியரின் கஹ்வே, பிரெஞ்சுக்காரரின் கஃபே, நம்முடைய காப்பி ஆகிய அனைத்தும் அச்சொல்லின் வழிவந்தவையே.

16ஆம் நூற்றாண்டில் காப்பியைப் பற்றித் தனி நூல் எழுதிய அப்துல் காதிர் அல்-ஜஸீரீ, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பகுதியில் வாழ்ந்த யமனியர் கஹ்வா அருந்திய முறையை, தமக்கு முந்திய அறிஞர் ஒருவரின் வாய்மொழியாகப் பதிந்து வைத்துள்ளார். திங்கள் இரவும் வெள்ளி இரவும் அவர்கள் கூடுவர். சிவந்த மண்ணால் செய்த பெரிய பாத்திரத்தில் கஹ்வா இருக்கும். அவர்களின் தலைவர் சிறிய அகப்பை கொண்டு அதனை மொண்டு, வலப்புறமாக ஒவ்வொருவருக்கும் வழங்குவார். நாவில் திக்ரு ஓய்வதில்லை. ஒரே பாத்திரம், ஒரே அகப்பை. செல்வரென்றும் வறியரென்றும் வேறுபாடு இல்லை. காப்பியின் முதல் சபை இத்தகையதாகவே இருந்தது.

மக்காவில் ஒரு வழக்கு

ஆயினும், இப்பானம் எதிர்ப்பின்றி வளர்ந்துவிடவில்லை. ஹிஜ்ரி 917, அதாவது கி.பி. 1511ஆம் ஆண்டில், மக்காவின் அங்காடிக் கண்காணிப்பு அதிகாரியாக இருந்த காயிர் பேக் என்பவர், ஓரிரவு ஹரம் பள்ளியின் அருகே விளக்கொளியில் சிலர் கூடிக் கஹ்வா அருந்துவதைக் கண்டார். அவருக்கு ஐயம் எழுந்தது. கஹ்வா என்ற சொல் பழைய அரபு மொழியில் மதுவையும் குறித்து வந்ததால், அந்த ஐயம் வலுப்பெற்றிருக்கவும் கூடும். உடனே மார்க்க அறிஞர்களின் அவையைக் கூட்டினார். மருத்துவர் இருவர் வந்து, கஹ்வா உடலுக்குத் தீங்கானது என்று சாட்சியம் கூறினர். தடை பிறந்தது. காப்பிக் கொட்டைகள் மக்காவின் தெருக்களில் எரிக்கப்பட்டன.

ஆனால், இவ்விவரம் கெய்ரோவில் இருந்த மம்லூக் சுல்தான் கான்சூஹ் அல்-கவ்ரீயிடம் சென்றபோது, அவர் அத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. தகாத செயல்கள் நடைபெறும் கூட்டங்களைத் தடுக்கலாம் என்ற அளவில் அவருடைய ஆணை நின்றது. பானத்தையே விலக்கச் சொல்லவில்லை. காப்பி மீண்டும் மக்காவின் வீதிகளுக்கு வந்தது. 1550களில் இஸ்தான்புல் நகரில் காப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. அதன் பின்னரும் பல ஊர்களில் தடைகள் வருவதும் நீங்குவதுமாக இருந்தன. ஒரு பொருளை அதன் பெயரைக் கொண்டும், அதனைச் சூழ்ந்த கூட்டத்தைக் கொண்டும் அவசரமாகத் தீர்மானித்துவிடக் கூடாது என்ற படிப்பினையை, 1511ஆம் ஆண்டின் இவ்வழக்கு நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

நம் கரைக்கு வந்த கதை

யமனின் மோக்காத் துறைமுகம் நெடுங்காலம் உலகின் காப்பி வாணிகத்தைத் தன் கையில் வைத்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில், ஹஜ்ஜுக் கடமையை முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர், யமனிலிருந்து 7 விதைகளைக் கொண்டுவந்து, கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அம்மலை இன்றும் பாபா புதன் கிரி என்றே வழங்குகிறது. இந்தியக் காப்பியின் வரலாறு ஒரு ஹாஜியாரின் திரும்பு பயணத்திலிருந்து தொடங்குகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டாமா?

நம் புதுச்சேரிக்கும் மோக்காவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மோக்காவில் காப்பி வாங்கி விற்றது. 1715இல் அங்கிருந்து செடிகளைப் பெற்று, இன்று ரெயூனியோன் என்று வழங்கும் பூர்போன் தீவில் நட்டது. அத்தீவின் ஆளுநராக இருந்த துய்மா, 1735 முதல் 1741 வரை புதுச்சேரியின் ஆளுநராக இருந்தார். அவர் காலத்தில், 1737இல், வாணிகக் கடன் பாக்கியைக் காரணம் காட்டிப் பிரெஞ்சுக் கப்பற்படை மோக்காவின் மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது. திக்ரு மஜ்லிஸில் அகப்பையால் மொண்டு வழங்கப்பட்ட பானம், வாணிகரின் கையில் பீரங்கிக்கு இரையாகும் சரக்காக மாறிய அவலத்தை என்னென்று சொல்வது!

நாங்கள் அடுப்பு மூட்டிய கழிமுகத்திலிருந்து, அரியாங்குப்பம் ஆற்றின் வழியே சற்று மேலே சென்றால் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. செங்கடலையும் இக்கரையையும் இணைக்கும் கடல்வழி ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடையது. காப்பி அவ்வழியில் மிகவும் பிந்தி வந்த விருந்தாளியே.

காப்பியின் வரலாற்றில் தமிழரின் கண்ணீரும் கலந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்தின் வறிய உழவர்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காடுகளின் ஊடாக நடந்தே அங்குச் சென்றனர். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டோர் ஏராளம். 1869இல் அங்குத் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் அத்தோட்டங்களை அழித்தது. அதன் பின்னரே தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. ஒரு குவளைக் காப்பியைக் கையில் எடுக்கும்போது அந்த உழைப்பாளிகளை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

பாத்திரங்களின் வரலாறு

அரபு நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய நம் சகோதரர்கள் 'தல்லா' என்னும் நீண்ட மூக்குடைய பாத்திரத்தை அறிவர். பாலைவனத்தில், திறந்த வானின் கீழ், கொட்டையை வறுத்து இடித்து, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சி, சிறு ஃபின்ஜானில் ஊற்றித் தருவது அரபியரின் விருந்தோம்பல். போதும் என்பதற்கு அடையாளமாக விருந்தினர் ஃபின்ஜானை இலேசாக அசைத்துக் காட்டுவார். இவ்வழக்கத்தை 2015இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. யமனியர் காப்பிக் கொட்டையின் மேல்தோலை இஞ்சியுடன் காய்ச்சி 'கிஷ்ர்' என்று அருந்துவர். நம் ஊரில் மிதிவண்டியில் வரும் சுக்குக் காப்பியைப் பருகுவோர்க்கு அதன் சுவை அந்நியமாக இராது.

காய்ச்சுவதை விடுத்து வடிக்கும் முறையைப் பரப்பியவர்கள் பிரெஞ்சுக்காரர். 1800ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில், மேலடுக்கில் தூளும் கீழடுக்கில் வடிநீரும் அமைந்த பாத்திரம் புழக்கத்துக்கு வந்தது. நம் இல்லங்களில் உள்ள பித்தளை ஃபில்டர் அதனோடு ஒத்த அமைப்புடையது. 1819இல் அதே நகரின் தகரக் கொல்லரான லோரான் என்பவர், கொதிநீர் தானே ஒரு குழாய் வழியாக மேலேறித் தூளின் மீது விழும் பாத்திரத்தை அமைத்தார். 1889இல் ஹான்சன் குட்ரிச் என்னும் அமெரிக்கர், அடுப்பின் மீது வைக்கும் பெர்கோலேட்டருக்குக் காப்புரிமை பெற்றார். காடுகளிலும் மலைகளிலும் கூடாரமிட்டுத் தங்குவோர் இன்றளவும் கையாளுவது இவ்வகையே.

கஷாயம் ஆனது ஏன்?

இப்பொழுது எங்கள் முதல் குவளைக்கு வருவோம். பெர்கோலேட்டரின் அடியில் தண்ணீர். நடுவே ஒரு குழாய். குழாயின் மேற்புறம் துளையிட்ட கூடையில் காப்பித்தூள். அடியில் தோன்றும் ஆவிக்குமிழிகள் நீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகின்றன. நீர் தூளின் மீது விழுந்து, சாரத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் அடியில் சேருகிறது. நம் ஃபில்டரில் நீர் ஒரு முறையே தூளைக் கடக்கிறது. இதிலோ வடிந்த டிகாக்ஷனே மீண்டும் மீண்டும் தூளின் மேல் விழுகிறது. நெருப்பு மிகுந்தால் நறுமணம் காற்றோடு போய்விடும். கசப்பு மட்டும் பாத்திரத்தில் தங்கும். கரை முழுவதும் மணந்தது ஏன், குவளையில் மணமில்லாமற்போனது ஏன் என்பதற்கு விடை இதுவே. நாங்கள் இட்டதோ வீட்டு ஃபில்டருக்கு அரைத்த, சிக்கரி கலந்த நுண்தூள். அது கூடையின் துளைகள் வழியே இறங்கி வண்டலாகவும் படிந்தது.

எனவே அடுத்த முறை, பெரியவரின் மேற்பார்வையில், வேறு விதமாகச் செய்தோம். அதனை இங்கே குறித்து வைக்கிறோம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 கிராம் தூள் போதும். தூள் சிக்கரி கலவாததாகவும், ரவையைப் போல் பருமனாக அரைத்ததாகவும் இருக்க வேண்டும். அடுப்பின் மூன்று புறமும் செங்கல் வைத்துக் காற்றை மறைக்க வேண்டும். தண்ணீர் கொதிநிலையை அடைந்து, மூடியிலுள்ள கண்ணாடிக் குமிழில் முதல் துளி தெரிந்தவுடன் விறகை வெளியே இழுத்துத் தணலளவில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை குமிழி எழுந்தால் போதுமானது. 6 அல்லது 7 நிமிடங்களில் இறக்கி, தூள் இருக்கும் கூடையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கசப்பு மேலும் இறங்கும். பாலை இதில் ஒருபோதும் ஊற்றலாகாது. அடிபிடிக்கும், குழாயும் அடைபடும். பாலைத் தனியே காய்ச்சிக் குவளையில் சேர்ப்பதே முறை. முடிந்தபின் தணலை நீர் தெளித்து அணைத்து, சாம்பலையும் குப்பையையும் உடன் எடுத்துவர வேண்டும். தேங்காய்த்திட்டின் கழிமுகக் காடுகள் மீனுக்கும் பறவைக்கும் புகலிடமாகும். அங்கே ஞெகிழிக் குவளையை எறிந்துவிட்டு வருவது நமக்கு அழகன்று.

இரண்டாம் முறை காப்பி நன்றாக அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ். பன்னிருவருக்கு ஒரே பாத்திரம்தான். பெரியவர் தம் கையால் ஊற்றினார். எவரும் சொல்லாமலேயே குவளைகள் வலப்புறமாகச் சென்றன. நெடுநாள் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த சகோதரர் இருவர் அன்று அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவர் தமக்கு வந்த குவளையை மற்றவருக்கு முதலில் நீட்டினார். மற்றவர் வாங்கிக்கொண்டார். அதனைக் கண்டும் காணாதவர்கள்போல் நாங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்பிற்குரிய ஜமாஅத்தாரே! மக்காவில் அவசரமாகப் பிறந்த தீர்ப்பு நிலைக்கவில்லை. மோக்காவில் முழங்கிய பீரங்கியின் பெயரும் இன்று எவர் நாவிலும் இல்லை. செம்மண் பாத்திரத்திலிருந்து அகப்பையால் மொண்டு பகிர்ந்த வழக்கமே, 500 ஆண்டுகளைக் கடந்து நம் கரை வரை வந்திருக்கிறது. தராவீஹ் முடிந்த இரவுகளிலும், ஸஹர் நேரத்திலும், நிகாஹ் வீடுகளிலும், மய்யித் வீட்டின் முற்றத்திலும் நம் கைகளுக்கு வரும் குவளை அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே ஆகும். தணலைத் தணித்து, பொறுமையோடு வடித்து, அருகிலிருப்பவருக்கு முதலில் நீட்டுவோமாக. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.