நொச்சிக்குப்பம்: வரலாறும் மக்கட்கணக்கும் ஆட்சிமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மயிலாப்பூரின் கிழக்கெல்லையில், கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே அமைந்துள்ள மீனவர் குடியிருப்பு நொச்சிக்குப்பம் ஆகும். மாநகராட்சியின் ஆவணங்களில் அது ஒரு வட்டத்தின் பகுதி. மீன்வளத்துறைக்கு ஒரு மீனவ ஊர். வீட்டுவசதி வாரியத்திற்கு ஓர் அடுக்குமாடித் திட்டப்பகுதி. தன் மக்களுக்கோ அது ஓர் ஊர். இந்நான்கு அடையாளங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் எழும் சிக்கல்களை இவ்வூரின் வரலாறு, மக்கட்கணக்கு, ஆட்சிமுறை ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. யார் கணக்கில் வருகிறார் என்ற வினாவே யாருக்கு வீடும் தொழிலிடமும் கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: நொச்சிக்குப்பம், மெரினா, மீனவர், ஊர்ப் பஞ்சாயத்து, மாநகராட்சி, மக்கள்தொகை, கடற்கரைப் புறம்போக்கு.

முன்னுரை

ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதன் எல்லை, மக்கள்தொகை, ஆட்சியமைப்பு ஆகியவற்றை முதலில் வரையறுத்துக் கொள்வது வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கவுண்டி எனப்படும் ஆட்சிப்பிரிவு இத்தகைய வரையறைக்கு எளிதில் உட்படுவதாகும். சட்டத்தால் வகுக்கப்பட்ட எல்லை, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கட்கணக்கு, தேர்தலால் அமையும் ஆட்சிக்குழு ஆகிய மூன்றும் அதற்கு உண்டு. டெக்சாசு மாநிலத்தின் லவிங் கவுண்டியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 64 பேரே வாழ்ந்தனர். எனினும் அவர்களுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதியும் செரீப்பும் உளர். இதனோடு ஒப்புநோக்கின், பல தலைமுறையாகக் கடலோரத்தில் வாழும் ஒரு சென்னை மீனவ ஊருக்குச் சட்டப்படியான தனி எல்லையோ, தனி மக்கட்கணக்கோ, தனி ஆட்சிமன்றமோ இல்லை என்பது சிந்தித்தற்குரியது. இவை இல்லாத நிலையிலும் அவ்வூர் தன்னை எவ்வாறு ஆண்டு வந்துள்ளது என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

ஊரும் கரையும்

நொச்சி என்பது செடியின் பெயர். குப்பம் என்பது கடலோரச் சிற்றூரைக் குறிக்கும் வழக்கு. புறப்பொருள் வெண்பாமாலை மதில் காக்கும் ஒழுக்கத்தை நொச்சித் திணை எனத் தனியே வகுத்துரைக்கிறது. ஊர்ப்பெயருக்கும் அத்திணைக்கும் நேரடித் தொடர்பு கற்பிக்க இடமில்லை. பெயர் செடியால் வந்ததெனக் கொள்வதே பொருந்தும். ஆயினும் இருக்குமிடத்தைக் காத்து நிற்றலே இவ்வூரின் அண்மைக்கால வரலாறாக அமைந்துவிட்டது.

மயிலாப்பூர்க் கடற்கரையின் தொன்மைக்குச் சமய இலக்கியம் சான்று பகர்கிறது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் கபாலீச்சரத்தின் விழாக்களுள் ஒன்றாக மாசிக் கடலாட்டைக் குறிப்பிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேற்றம் அமைத்தனர்; 1749இல் அப்பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோயில், கோட்டை, தேவாலயம் ஆகியவற்றின் வரலாறுகள் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவற்றின் கிழக்கே மணலில் வாழ்ந்தோர் அவ்வரலாறுகளில் பெரும்பாலும் கட்டுமரம் செலுத்துவோராக மட்டுமே தலைகாட்டுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கரையே மாறியது. 1881ஆம் ஆண்டுப் புயலில் சேதமுற்று மீண்டும் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் நீண்ட சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் கடல்மணலைத் தடுத்தன. அதனால் துறைமுகத்திற்குத் தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியில் கரை அரிக்கப்பட்டது. ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1884இல், கடற்கரை உலாச்சாலை அமைக்கப்பட்டு மெரினா எனப் பெயர் பெற்றது. ஆகவே நகரத்தார் காற்று வாங்கும் மணற்பரப்பும் மீனவர் படகு நிறுத்தும் மணற்பரப்பும் ஒரே நிகழ்வின் விளைவுகளாகும். புதிதாக உருவான அந்நிலம் அரசுப் புறம்போக்காகக் கருதப்பட்டது. கடலை ஒட்டியே தொழில் செய்ய வேண்டிய மீனவர்க்கு அதன்மீது பழக்கவழி உரிமை இருந்ததேயன்றிப் பட்டா இல்லை. பிற்காலப் பூசல்கள் அனைத்திற்கும் வேர் இங்கேயே உள்ளது எனலாம்.

குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு

1970 செப்டம்பரில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பெற்றது. 1971இல் அதற்குரிய சட்டம் இயற்றப்பட்டது. வாரியத்தின் தொடக்ககாலக் குடியிருப்புத் திட்டங்களுள் ஒன்று நொச்சிக்குப்பத்தில் அமைந்தது. குடிசைப்பகுதி மக்களை நகருக்கு வெளியே அனுப்பாமல் வாழ்ந்த இடத்திலேயே கல்வீடு கட்டித் தருதல் என்னும் கொள்கையின் கண்கூடான வடிவமாக அந்த அடுக்குமாடிகள் விளங்கின. மீனவரைப் பொறுத்தவரை இக்கொள்கை வசதி மட்டுமன்று, வாழ்வாதாரமும் ஆகும். கடலின் நிறத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் விடியுமுன் பார்த்தறிந்தே படகிறக்குவதா வேண்டாவா என முடிவு செய்யப்படுகிறது. கரையைவிட்டு விலகிய வீடு அவ்வறிவிலிருந்தும் விலகிய வீடாகிறது.

எனினும் அடுக்குமாடி ஒரு புதிய சிக்கலையும் கொணர்ந்தது. குடிசை, குடும்பம் பெருகுந்தோறும் பக்கவாட்டில் ஒரு சார்ப்பு ஏற்றுக்கொள்ளும். அடுக்குமாடி வீடு அவ்வாறு விரியாது. ஒரு குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்ட வீட்டில் மணமான மகன்கள் இருவர் மூவராயினர். வாரியப் பேரேட்டில் அது தொடர்ந்து ஒரு வீடாகவே இருந்தது. இடம் போதாதவர் மீண்டும் கரையோரத்தில் குடிசை எழுப்பினர். அரசின் பார்வையில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர். ஊரின் பார்வையில் ஊர்ப்பிள்ளைகள்.

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் இச்சிக்கல் கூர்மையடைந்தது. 2005 மார்ச் 30ஆம் நாளிட்ட அரசாணை, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்வோர் விரும்பின் வேறிடம் செல்லலாம் எனவும், செல்ல விரும்பாதோர் அங்கேயே இருக்கலாம், ஆனால் புதுவீட்டிற்கு அரசு உதவி பெற இயலாது எனவும் வகுத்தது. சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரி போன்ற கடலிலிருந்து விலகிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. நொச்சிக்குப்பத்திலோ பழைய அடுக்குமாடிகள் இடிக்கப்பட்டு அவ்விடத்திலேயே புதியவை எழுப்பப்பட்டன. புதிய வீடுகளின் எண்ணிக்கை பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பின்பற்றுமா, பெருகிய குடும்பங்களையும் உள்ளடக்குமா என்பதே அப்போது ஊரின் முதன்மை வினாவாயிற்று.

நான்கு கணக்குகள்

இந்நிலையில் நொச்சிக்குப்பத்தின் மக்கள்தொகை எவ்வளவு என்னும் எளிய வினாவிற்கு ஒற்றை விடை கூற இயலாமைக்குரிய காரணத்தை ஆராய்தல் தேவையாகிறது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை நகரின் மக்கள்தொகை 3,97,552. 2011இல் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. இவ்விரு எண்களுக்கிடையே குப்பங்கள் தனித்த அலகுகளாக நிற்பதில்லை. நாட்டின் மக்கட்கணக்கெடுப்பு வட்டத்தை அலகாகக் கொள்வதால், கச்சேரிச் சாலையின் மாடிவீட்டாரும் கரையோர மீனவரும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்து விடுகின்றனர். 2021இல் நிகழ வேண்டிய கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறாமையால் அந்த எண்ணும் பழையதாகிவிட்டது.

இரண்டாவது, கடல்மீனவர் கணக்கெடுப்பு. மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீனவ ஊரை அலகாகக் கொண்டு கணக்கெடுக்கிறது. அதன் 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தில் 573 கடல்மீனவ ஊர்களும் ஏறத்தாழ 8.03 இலட்சம் மீனவ மக்களும் உள்ளனர். மாநில மீன்வளத்துறையோ 608 மீனவ ஊர்கள், 10.48 இலட்சம் மக்கள் எனக் குறிப்பிடுகிறது. இரு கணக்குகளும் ஒரே கடற்கரையைப் பற்றியவை. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே ஒருமித்த வரையறை இல்லை என்பதை 573, 608 என்னும் இவ்விரண்டு எண்களும் உணர்த்துகின்றன.

மூன்றாவது, நலத்திட்டக் கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. அக்காலத்திற்குரிய நிவாரணத் தொகை குடும்ப அளவில் வழங்கப்படுகிறது. 2023இல் அது 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இங்கே குடும்ப அட்டையே அலகு. வீட்டுவசதிக் கணக்கில் ஒதுக்கீட்டு ஆணை அலகாக இருப்பது போன்றதே இதுவும். தனி அட்டை பெறாத மணமான மகன் இக்கணக்கில் தந்தையின் நிழலில் மறைகிறான்.

நான்காவது, ஊரின் கணக்கு. சோழமண்டலக் கடற்கரையின் பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டு என்பதே அலகு. மணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு; அவன் ஊருக்கு வரி செலுத்துவான், ஊர்ப்பொதுவில் பங்கும் பெறுவான். அரசுக் கணக்கில் மறையும் இளங்குடும்பம் இக்கணக்கில் வெளிப்படுகிறது. ஆனால் இக்கணக்கிலும் ஒரு குறை உண்டு. கணவனை இழந்தோரும் தனித்து வாழும் பெண்களும் தலைக்கட்டாக எண்ணப்படுவது அரிது. ஆழிப்பேரலை நிவாரணம் பல ஊர்களில் பஞ்சாயத்துப் பட்டியலின் வழியே பகிரப்பட்டபோது, பெண்கள் தலைமையேற்ற குடும்பங்கள் விடுபட்டன என்னும் குறை எழுந்தது இதனாலேயே. கரையில் மீனை ஏலமெடுத்துத் தலைச்சுமையாகவும் கடையிட்டும் விற்பவர் பெரும்பாலும் பெண்கள் என்பதை நோக்க, இக்குறை சிறிதன்று.

இரு ஆட்சிகள்

1688 செப்டம்பர் 29இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி ஆகும். 2011இல் அதன் வட்டங்கள் 155இலிருந்து 200ஆக விரிவாக்கப்பட்டன. மயிலாப்பூர் சட்டமன்றத் தொகுதி, தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதி ஆகியவற்றுள் நொச்சிக்குப்பம் அடங்கும். எனவே இவ்வூரார்க்கு மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிய மூவரும் உளர். ஆனால் 1973 டிசம்பரில் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றம் 1996 வரை மீண்டும் அமையவில்லை. 2016 முதல் 2022 வரையிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் மாநகரம் அலுவலர்களாலேயே ஆளப்பட்டது.

அவ்விடைவெளியில்தான் 1985ஆம் ஆண்டு நிகழ்வுகள் நடந்தன. மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது; மீனவர் எதிர்த்தனர்; அவ்வாண்டு டிசம்பரில் நடுக்குப்பம், அயோத்திக்குப்பம் பகுதியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மெரினாக் குப்பங்கள் அனைத்தின் நினைவிலும் அது ஒரு வரலாற்று எல்லைக்கல்லாக நிலைபெற்றுள்ளது.

மன்றம் இருந்த காலத்தும் இல்லாத காலத்தும் இடையறாது இயங்கியது ஊர்ப் பஞ்சாயத்தே ஆகும். பூசல் தீர்த்தல், வரி தண்டுதல், கோயில் விழா நடத்தல், எந்த வலை கூடும் எது கூடாது என வரையறுத்தல், அரசு அலுவலரோடு பேசுதல் ஆகியன அதன் பணிகளாகும். கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை பாரம்பரிய மீனவர்க்கே உரியது என 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது. நீரில் ஊருக்கு இவ்வாறு ஒரு சட்ட எல்லை கிடைத்தது, நிலத்தில் கிடைக்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்து மீனவ ஊரார்க்குக் கிராமசபையில் எழுந்து பேசும் உரிமை உண்டு. நகரத்துக்குள் வந்த குப்பத்திற்கு அது இல்லை. 2022இல் தமிழகத்தில் வட்டக்குழு, பகுதிசபை விதிகள் வகுக்கப்பட்டமை இவ்விடைவெளியை நிரப்ப ஒரு வாயிலாகும். ஆயினும் பகுதிசபையின் எல்லை குப்பத்தின் எல்லையோடு பொருந்தினால்தான் அவ்வாயில் பயன்படும்.

சாலையா, சந்தையா?

இவ்விரு ஆட்சிகளும் நேருக்குநேர் சந்தித்த நிகழ்வு 2023 ஏப்ரலில் நேர்ந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை செல்லும் மெரினா வளைவுச் சாலையின் ஓரத்து மீன்கடைகளால் போக்குவரத்து தடைப்படுவதாகக் கூறிச் சென்னை உயர்நீதிமன்றம் தாமே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியதும் மீனவர் படகுகளைச் சாலையின் குறுக்கே நிறுத்திப் போராடினர். நீதிமன்றத்தின் அணுகுமுறை சாலை பொதுவழி என்பதை அடிப்படையாகக் கொண்டது. மீனவர் தரப்போ, சாலை வருமுன்னரே அது வலை உலர்த்தும் இடமும் மீன் இறங்கும் இடமுமாக இருந்தது என வாதிட்டது. பின்னர்ப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் ஏற்பாட்டோடு வணிகம் தொடர்ந்தது. 2024 ஆகஸ்டில் சுமார் 360 கடைகளைக் கொண்ட நவீன மீன் அங்காடி அப்பகுதியில் திறக்கப்பட்டது.

அங்காடி ஒரு தீர்வே. ஆனால் கடை ஒதுக்கீடும் ஒரு பட்டியலையே சார்ந்தது. ஆண்டு முழுதும் கடையிடும் பெண், மீன்பாடு மிகும் பருவத்தில் மட்டும் வருபவர், மாமியாரின் கடையில் அமரும் மருமகள் ஆகியோருள் யார் பட்டியலில் இடம்பெறுவர் என்னும் வினா, 1970களின் வீட்டு ஒதுக்கீட்டு வினாவின் மறுவடிவமாகும்.

முடிவுரை

இவ்வாய்வினால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. நொச்சிக்குப்பத்தின் நிலச்சிக்கலுக்கு மூலகாரணம், துறைமுகத்தால் விரிந்த கரை அரசுப் புறம்போக்காகவும் அதன் பயன்பாடு மீனவரின் பழக்கவழி உரிமையாகவும் ஒரே காலத்தில் நிலைபெற்றமையாகும்.

2. வட்டம், மீனவ ஊர், குடும்ப அட்டை அல்லது ஒதுக்கீட்டு ஆணை, தலைக்கட்டு ஆகிய நான்கு அலகுகளும் நான்கு வேறு மக்கள்தொகைகளைத் தருகின்றன. அவற்றுள் எதுவும் தன்னளவில் முழுமையானதன்று.

3. ஊர்ப் பஞ்சாயத்து தொடர்ச்சியுடையது, ஆனால் பெண்களுக்குப் போதிய இடமளிக்காதது. மாநகராட்சி மன்றம் அனைவர்க்கும் வாக்குரிமை அளிப்பது, ஆனால் தொடர்ச்சியற்றது.

லவிங் கவுண்டியின் 64 பேருக்குக் கிடைத்த எல்லையும் கணக்கும் மன்றமும் நொச்சிக்குப்பத்திற்கு அதே வடிவில் கிடைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபன்று. 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவரின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் எனக் கூறுகிறது. அத்திட்டத்திற்கு அடிப்படையாக, ஊராரும் துறைகளும் இணைந்து, பெண்களையும் தனியே எண்ணி, குப்பத்தையே அலகாகக் கொண்ட ஒரு கணக்கெடுப்பு முதலில் தேவை. அது நிகழாதவரை, அடுத்த அடுக்குமாடியும் அடுத்த அங்காடியும் பழைய பட்டியலின் பிழைகளோடேயே எழும்.