புகைமூட்டத்திலும் மழையிலும் வாகன விளக்குகள்: தம்போய், ஜொகூர்

ஜொகூர் பாருவின் புறநகரான தம்போயில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மூடுபனி சாலையை மறைப்பதும் அபூர்வம். ஆனாலும் ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவருக்குக் கண் மறைக்கும் வேளைகள் நிறையவே உண்டு: விடியாத காலை, ஆண்டிறுதி அடைமழை, சுமத்திராவிலிருந்து வரும் புகைமூட்டம்.

விடியாத காலைக்குக் காரணம் கடிகாரம்தான். சபா, சரவாக்குடன் நேரத்தை ஒன்றாக்குவதற்காக 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் ஜொகூர் பாருவில் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 6.45 மணிக்கும் 7.20க்கும் இடையில்தான் சூரியன் உதிக்கிறது. பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களோ அதற்கு வெகுநேரம் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுகிறார்கள். அவர்களின் அன்றாடப் பயணத்தில் ஒரு பாதி முழு இருட்டில் கழிகிறது.

புகைமூட்டம் ஆண்டுதோறும் ஒரே அளவில் வருவதில்லை. ரியாவ் பகுதியின் கரிநிலங்கள் பற்றி எரியும் வறண்ட மாதங்களில், தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நீரிணை கடந்து கொண்டுவருகிறது. 2013 ஜூன் 23 காலை, ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை. மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளின் புகையையும் இவ்வட்டாரம் மறக்கவில்லை.

மூடுபனியோ புகையோ, ஓட்டுநரின் கை முதலில் போவது ஹைபீம் விசைக்கு. அதுதான் தவறு. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளும் துகள்களும் ஒளியைச் சிதறடித்து, அதில் ஒரு பங்கை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. சாலை தெரிவதற்குப் பதிலாக எதிரே வெள்ளைச் சுவர் எழுகிறது. தாழ்வாகப் பொருத்தப்பட்ட பனிவிளக்கு, அகலமாகவும் மேல்விளிம்பு தட்டையாக வெட்டப்பட்டும் ஒளியைப் பாய்ச்சுவதால் கண்மட்டத்தில் இருக்கும் துளிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பழையது. பிரான்சில் 1993 வரை கார்களின் முகப்பு விளக்கே மஞ்சளாக இருந்தது. உண்மையில் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறடிக்கிறது. விளக்கின் நிறத்தைவிட அது இருக்கும் உயரமும் ஒளியின் வடிவமுமே முக்கியம்.

முன்னால் இருப்பதைக் காட்டுவது விளக்கின் ஒரு வேலை. தன்னைப் பிறருக்குக் காட்டுவது இன்னொன்று. மலேசியச் சாலைகளில் இதுவே பெரிய வேலை. நாட்டில் 2019இல் சாலை விபத்துகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். இங்கே சாலையில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 1992 ஜூலையில் பிரசாரம் தொடங்கி, செப்டம்பர் முதல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு எரிந்தாக வேண்டும் என்று அரசு சட்டமாக்கியது. ஆய்வாளர் ராடின் உமாரும் அவருடைய குழுவினரும் செரம்பான், ஷா ஆலம் விபத்துகளை ஆராய்ந்தனர். கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாக 1996இல் எழுதினர். கூடுதல் செலவு ஏதுமின்றி, இருக்கிற பல்பை எரியவிட்டதற்குக் கிடைத்த பலன் இது. பகலில் விளக்கு எரிப்பது குளிர்நாட்டு வழக்கமாகத் தொடங்கியது; பின்லாந்து 1972இல் குளிர்காலக் கிராமப்புறச் சாலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் புதிய இருசக்கர வாகனங்களுக்குத் தானாக எரியும் முகப்பு விளக்கு 2017 ஏப்ரல் முதல் கட்டாயம்.

முன்விளக்கில் காட்டும் அக்கறை பின்விளக்கில் இல்லை என்பதுதான் வேதனை. கப்சாய் என்று இங்கே அழைக்கப்படும் சிறிய மோட்டார் சைக்கிளில் பழையது ஒன்றின் பின்விளக்கைத் திறந்தால் உள்ளே ஒரே பல்பில் இரண்டு இழைகள் இருக்கும். மெலிந்தது எப்போதும் எரிவதற்கு, தடித்தது பிரேக்குக்கு. மெலிந்த இழை அதிர்வில் அறுந்துபோனாலும் பிரேக் பிடித்தால் சிவப்பு எரியும்; ஓட்டுபவர் எல்லாம் சரியென்று நினைப்பார். பின்னால் வரும் லோரிக்கு, அவர் பிரேக் பிடிக்கும் நொடிவரை அங்கே வண்டியே இல்லை. புதிய கார்களிலும் இதே ஓட்டை உண்டு. பகல் விளக்கு எரிகிறது, டேஷ்போர்டும் பளிச்சென்று ஒளிர்கிறது. பல கார்களில் பின்பக்கம் மட்டும் இருட்டாகவே இருக்கும்.

டிசம்பர் மழையில் ஓடும் காரில் டபுள் சிக்னல் போடுவது இங்கே பரவலான பழக்கம். நின்றுவிட்ட வண்டிக்கான எச்சரிக்கை அது. ஓடும் வண்டியில் போட்டால் தடம் மாறும் சிக்னல் தெரியாது. கார் நிற்கிறதா, நகர்கிறதா என்பதும் புரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஈரச் சாலையில் நிற்க, யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 100 மீட்டர் தேவை. ஐம்பது மீட்டர் மட்டுமே தெரியும் புகையில் அந்த வேகத்துக்கு எந்த விளக்கும் ஈடுகொடுக்காது. லோபீம் போட்டு வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்குவதே வழி.

ஐரோப்பிய கார்கள் பலவற்றில் பின்பக்கப் பனிவிளக்கு இருக்கும். சர்வதேச விதிப்படி சாதாரணப் பின்விளக்குக்கு 4 கேண்டெலா போதும். பின்பக்கப் பனிவிளக்குக்கோ குறைந்தது 150 வேண்டும். புகையில் உயிர்காக்கும் அதே விளக்கை மூட்டம் கலைந்த பிறகும் அணைக்காமல் விட்டால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும், பக்கத்திலேயே எரியும் பிரேக் விளக்கும் அதில் மங்கிப்போகும்.