மாதுளையும் அக்ரூட்டும்

பாரசீகம் என்றவுடன் மணலும் ஒட்டகமும் வறண்ட மேட்டு நிலமுமே நம் மனக்கண்ணில் எழுகின்றன. ஆனால் அத்தேசத்தின் வடகோடியில், காஸ்பியன் கடலுக்கும் அல்போர்ஸ் மலைத்தொடருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கீலான் பிரதேசத்துக்கு இந்தச் சித்திரம் சிறிதும் பொருந்தாது. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று மலையைத் தாண்டமாட்டாமல் வடசரிவிலேயே மழையாகக் கொட்டித் தீர்த்துவிடுவதால், அங்கே நெல் விளைகிறது. மலைச்சாரலில் அக்ரூட் மரங்கள் ஓங்கி வளர்கின்றன. காட்டோரங்களில் யாரும் நடாமலே புளிப்பு மாதுளை புதராக மண்டுகிறது. குளிர்காலம் பிறந்ததும் வடக்கேயிருந்து காட்டுவாத்துகள் கூட்டங்கூட்டமாக அன்ஸலிக் காயலில் வந்து இறங்குகின்றன. அரிசி, அக்ரூட், மாதுளை, வாத்து ஆகிய நான்கும் ஒரே பருவத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தால் அந்த வீட்டு அம்மாள் என்ன சமைப்பாளோ, அதுதான் இன்று ஈரான் முழுவதும் கலியாண வீடுகளிலும் விருந்து நாட்களிலும் பிரசித்தி பெற்று விளங்கும் ஃபெசன்ஜான் என்ற குழம்பு. நகரங்களில் வாத்தின் ஸ்தானத்தைக் கோழி பிடித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

இறைச்சியோடு பழத்தையும் பருப்பையும் சேர்த்துச் சமைப்பது நம்மவரில் பலருக்கு விபரீதமாகத் தோன்றக்கூடும். புளியும் ஒரு பழந்தான் என்பதை நாம் அநேகமாக மறந்தே போய்விட்டோம். பாரசீகர்களுக்கோ பழத்தைச் சேர்த்துச் சமைப்பது ஆதிகாலத்து வழக்கம். பெர்ஸெபோலிஸ் நகரத்து இடிபாடுகளிலிருந்து 1933இல் சிகாகோ சர்வகலாசாலையார் தோண்டியெடுத்த ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளில், தாரயவுஷ் சக்கரவர்த்தியின் களஞ்சியத்திலிருந்து ஆட்களுக்கு அளந்த பார்லியும் மதுவும் பழமும், பறவைகளுக்கு அளந்த தானியமும் கணக்குப் பிசகாமல் எழுதப்பட்டிருக்கின்றன. பாரசீக மன்னனின் ஒருநாள் போஜனத்துக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் பொறித்த வெண்கலத் தூண் ஒன்றை அலெக்ஸாண்டர் கண்டான் என்றும், நானூறு கொழுத்த பெருவாத்துகளும் அடங்கி நீண்டுசென்ற அந்த ஜாபிதாவைப் படித்துச் சிரித்துவிட்டுத் தூணை இடித்துத் தள்ளச் சொன்னான் என்றும் பாலியேனஸ் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். ஜெயித்தவன் தோற்றவனுடைய சாப்பாட்டைப் பார்த்துச் சிரிப்பது உலக இயல்பு. பிறகு அதையே உட்கார்ந்து சாப்பிடுவதும் உலக இயல்புதான்.

அப்படிச் சாப்பிட்டவர்களில் பாக்தாதின் கலீபாக்களை மிஞ்சியவர் எவருமில்லை. அராபியர் ஏழாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் ஸாஸானிய சாம்ராஜ்யத்தை வீழ்த்தினார்களாயினும், சமையலறையைப் பொறுத்தவரையில் வீழ்ந்தவர்களே ஆண்டார்கள். காடியின் புளிப்பும் பழத்தின் இனிப்பும் கலந்த ‘ஸிக்பாஜ்’ என்ற இறைச்சிக் குழம்பு ஸாஸானிய மன்னன் குஸ்ரூவின் அபிமான பதார்த்தம் என்பார்கள். சமையற்காரர்களைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, அவரவர் அறிந்ததில் தலைசிறந்ததைச் சமைக்குமாறு அவன் ஆக்ஞாபித்தபோது, ஒருவரையொருவர் கலக்காமலே அத்தனை பேரும் ஸிக்பாஜையே சமைத்துக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கலீபா முதவக்கில் ஒருநாள் மாடத்தில் அமர்ந்திருக்கையில், கீழே கால்வாயில் ஒரு படகுக்காரனின் பானையிலிருந்து எழுந்த ஸிக்பாஜ் வாசனையில் மனம் பறிகொடுத்து, அந்தப் பானையையே வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு, அது நிறையக் காசைப் போட்டுத் திருப்பி அனுப்பினார் என்பது மற்றொரு கதை. கதைகள் கிடக்கட்டும், 1226இல் முகம்மது அல் பாக்தாதி எழுதிய சமையல் நூலில் இந்தக் குழம்பின் செய்முறையே இருக்கிறது. கொழுத்த இறைச்சியைக் கொத்துமல்லியோடும் லவங்கப்பட்டையோடும் வேகவைத்து, வெங்காயமும் காரட்டும் சேர்த்து, காடியையும் பாகையும் அளவாகக் கலந்து விட்டு, பிளந்த வாதுமையும் உலர்ந்த திராட்சையும் அத்தியும் தூவி, குங்குமப்பூவால் நிறமேற்றி, பானையின் விளிம்பைத் துடைத்துவிட்டுப் பன்னீர் தெளித்து இறக்க வேண்டும். இன்பங்களை ஆறாக வகுத்து, அவற்றுள் உணவின்பமே உத்தமமானது என்று முன்னுரையிலேயே தீர்ப்பளித்த அந்த மனிதர் விளிம்பைத் துடைக்கச் சொன்னதில் ஆச்சரியமில்லை.

1258இல் மங்கோலியர் பாக்தாதைச் சூறையாடினார்கள். ஸிக்பாஜ் உடனே மறைந்துவிடவில்லை என்றாலும், ராஜபோஜனங்களின் சிகரமாக ஒரு காலத்தில் வீற்றிருந்த அதனை இன்று ஈரானிய வீடுகளில் தேடினாலும் காண்பது அரிது. பின்னர் வந்த ஸஃபாவிய அரசர் காலத்துச் சமையற்காரர்களான பாவர்ச்சி 1521இலும், நூருல்லா 1594 வாக்கிலும் எழுதிய நூல்களைப் பார்த்தால், அரண்மனையின் மோகம் அரிசியின் மீதும் புலவு வகைகளின் மீதும் திரும்பிவிட்டது நன்றாகத் தெரிகிறது. மன்னர்களின் நாக்கு மாறிக்கொண்டே இருக்கும். மாதுளைப் புதரும் அக்ரூட் மரமும் மாறுவதில்லை. கீலானின் குழம்பு நிலைத்ததற்கும் பாக்தாதின் குழம்பு மங்கியதற்கும் இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன். சீமைமாதுளையும் இறைச்சியும், ஆல்பக்கோடாவும் கோழியும் என்று பருவத்துக்கொரு பழக்குழம்பு ஈரானிய வீடுகளில் இன்றும் கொதிப்பதற்கும் கொல்லைத் தோட்டமே ஆதாரம். தாய்நாட்டை விட்டுக் குஜராத்தில் குடியேறிய பார்ஸிகள் கூட, உலர்ந்த சர்க்கரை பாதாமியோடு கோழியைச் சமைக்கும் வழக்கத்தை மறக்கவில்லை.

வைத்திய சாஸ்திரமும் இதற்குத் துணைநின்றது. கிரேக்கரிடமிருந்து பெற்று இப்னு ஸீனா போன்ற மேதைகள் விரித்துரைத்த யூனானி முறைப்படி ஒவ்வோர் உணவுக்கும் ஒரு சுபாவம் உண்டு; அக்ரூட் உஷ்ணம், மாதுளை குளிர்ச்சி. தனித்து உண்டால் தொல்லை தரக்கூடிய இவ்விரண்டும் ஒரு பானையில் கூடும்போது ஒன்றையொன்று அடக்கிச் சமநிலை அடையும் என்பது ஈரானியப் பாட்டிமாரின் சித்தாந்தம். மாம்பழம் தின்ற குழந்தைக்குப் பாலைக் கொடுக்கும் நம் பாட்டிமாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இராது.

இனி, பானையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு கோழிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ அக்ரூட் பருப்பை மாவுபோல் அரைத்து, பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தோடு சேர்த்து, தண்ணீர் விட்டுச் சிறுதீயில் வைத்தால், முதலில் அது சேற்று நிறத்தில் யாரும் விரும்பாத கூழாகத்தான் காட்சியளிக்கும். அவசரக்காரர்கள் அந்த நிலையிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டு, இடையிடையே கொஞ்சம் குளிர்ந்த நீரைத் தெளித்து, இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்திருந்தால், பருப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் தானே பிரிந்து மேலே மினுமினுத்து மிதக்கும். எண்ணெய் மிதக்காத ஃபெசன்ஜானைக் கீலான்காரர்கள் ஃபெசன்ஜானாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகை அதில் விட்டு, வறுத்தெடுத்த கோழித் துண்டங்களை மூழ்கவிட்டால், குழம்பு மெல்ல மெல்லச் செம்பழுப்பாகிக் கறுக்கத் தொடங்கும். இந்தக் கருமைக்காகப் பழைய காலத்துப் பெண்கள் ஓர் இரும்புத் துண்டைப் பழுக்கக் காய்ச்சிக் குழம்பில் போட்டு எடுப்பார்களாம். இதில் மாயமில்லை; அக்ரூட்டின் தோலிலும் மாதுளையிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சிய ரகசியமும் இதுவேதான்.

புளிப்பா இனிப்பா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. கீலானிலே புளிப்பு ஓங்கியிருக்க வேண்டும் என்பார்கள். தெஹ்ரானிலும் இஸ்ஃபஹானிலும் சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்துத் தித்திக்கச் செய்கிறார்கள். நான் கீலான் கட்சி. சர்க்கரை மிகுந்தால் அக்ரூட்டின் கொழுப்பு திகட்டிப் போய், இரண்டாம் கவளத்துக்குக் கை நீளாது. நம் ஊரில் இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், கடைத்தெருவில் கிடைக்கும் மாதுளை பெரும்பாலும் தித்திப்பு ஜாதி என்பதை நினைவில் வைத்து, சாற்றைப் பாகாக இறுக்கும்போதே எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வது நல்லது. அக்ரூட் சிக்கு வாசனை அடிக்கிறதா என்று ஒன்றிரண்டை வாயில் போட்டுப் பார்த்த பிறகே அரைக்க வேண்டும். மசாலாவுக்கு லவங்கப்பட்டை ஒரு துண்டு போதும். பழக்க தோஷத்தால் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. மறுநாள் சூடுகாட்டி வெள்ளைச் சோற்றோடு சாப்பிட்டால் முதல்நாளை விட ருசி கூடியிருக்கும்.