அல்சைமருக்கு முந்திய அல்சைமர்

எங்கட வீடுகளில வயது போன ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் "அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லி முடித்துவிடுவோம். கொஞ்சம் வாசிக்கிற ஆக்கள் என்றால் "அல்சைமர்" என்போம். இரண்டுக்கும் இடையில் ஒரு நோய் விடுபட்டுப் போகிறது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அடைபட்டோ வெடித்தோ வருகிற மறதி நோய், வாஸ்குலர் டிமென்சியா. அது எப்படி விடுபட்டது என்று தேடப்போனபோது அல்சைமரிடமே போய் நின்றோம்.

1890கள், ஜேர்மனி. மனநோய் விடுதிகளில் அறிவு மங்கிப்போன பலரை ஒரே நோயின் பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த நோய்க்குக் காரணம் சிபிலிஸ் என்பது பிறகுதான் உறுதியானது. ஜேனா நகரத்து ஒட்டோ பின்ஸ்வாங்கர் (1889இல் நீட்சே கொண்டுவரப்பட்டது இவருடைய விடுதிக்குத்தான்) 1894இல் அவர்களில் சிலரைத் தனியாகப் பிரித்தார். இரத்தக்குழாய்கள் தடித்து, மூளையின் உட்புற வெண்பகுதி போதிய இரத்தம் கிடைக்காமல் அழிந்திருக்கிறது என்றார். நுணுக்குக்காட்டியில் பார்த்து விரிவாக எழுதுவதாகவும் சொன்னார். எழுதவில்லை. எங்கட அசைன்மென்ட் மாதிரித்தான்.

அந்த வேலையைச் செய்தவர் பிராங்க்ஃபர்ட்டில் இருந்த இளம் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். 1902இல் அந்த நோய்க்குப் பின்ஸ்வாங்கரின் பெயரைச் சூட்டியதும் அவர்தான். இரத்தக்குழாய்களோடு இத்தனை வருடம் மினக்கெட்ட மனுசனை உலகம் நினைவு வைத்திருப்பதோ வேறொன்றுக்காக. ஐம்பதுகளில் இறந்த ஓகஸ்டே டெட்டர் என்ற பெண்ணின் மூளையில் கண்ட படிவுகளையும் சிக்கல் முடிச்சுகளையும் 1906இல் அவர் விவரித்தார். 1910இல் கிரெப்பெலின் தன் பாடநூலில் அதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார்.

அப்போது அது வயது போகாதவர்களுக்கு வரும் அபூர்வ நோய். முதியவர்களின் மறதிக்கோ "நரம்பு தடிச்சிட்டுது" என்பது போன்ற விளக்கமே அரை நூற்றாண்டு ஓடியது. 1960களில் நியூகாசிலில் பிளெஸ்ஸட், டொம்லின்சன், றோத் மூவரும் இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது கதை தலைகீழானது: பலரிலும் இருந்தது அல்சைமர் கண்ட அதே படிவுகள். 1974இல் ஹசின்ஸ்கியும் இருவரும் இன்னொரு திருத்தம் சொன்னார்கள். குழாய் தடிப்பதால் மட்டும் அறிவு மங்குவதில்லை. சிறிதும் பெரிதுமாகப் பல அடைப்புகள் மூளையை இடம் இடமாகச் சாகடிப்பதால்தான் மங்குகிறது. அதனால்தான் இந்த நோயாளிகள் பலர் சறுக்கி விழாமல் படிபடியாக இறங்குகிறார்கள். ஒரு பாரிசவாதம், ஒரு படி. கொஞ்சநாள் அப்படியே. பிறகு இன்னொரு படி. சிலரில் மறதிக்கு முதல் யோசனை மந்தமாகும், நடை தளரும், சும்மா அழுகை வரும். நாங்கள் அதையும் "வயசு" என்போம்.

திருத்தங்கள் சரிதான். ஆனால் "எல்லாம் குழாய்" என்பதிலிருந்து "எல்லாம் அல்சைமர்" என்று பேச்சு மாறியதில், தடுக்க வழியுள்ள பகுதிதான் மறைந்துபோனது. 1998இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், 60 வயதைக் கடந்த, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்து கொடுத்தபோது புதிதாக டிமென்சியா வந்தவர்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தார்கள்.

எங்கட அம்மம்மாமார் கிளினிக்கில் குடுத்த பிரஷர் குளிசையை, "இப்ப தலைச்சுத்து இல்லைத்தானே" என்று அலுமாரியில் வைத்துவிடுவினம். நாங்களும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.