கண்மாய் மீனுக்கு முதுமை இல்லை

பாண்டியரின் கொடியிலும் காசுகளிலும் இருந்தது மீன். அந்தப் பாண்டியனைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் சுந்தரபாண்டியம். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நெடுகக் கண்மாய்கள் கிடக்கின்றன. எந்த மழைக்கு மீன் ஏறும், எந்தச் சேற்றில் விரால் பதுங்கும், எந்த மாதம் கெளுத்திக்குச் சினை பிடிக்கும் என்றெல்லாம் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கும் பூமி இது. ஆனால் வயதாகிக் கண் மங்கிய ஒரு மீனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்கு மட்டும் இங்கே ஒரு வழக்கமும் இல்லை. நம் மக்களுக்கு மீன்மேல் இரக்கம் இல்லாததால் வந்த குறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. இந்த நிலத்தில் மீனுக்கு முதுமை என்ற ஒன்றே அண்மைக்காலம் வரை அநேகமாக இருந்ததில்லை. அதைக் கொண்டுவந்தது கண்ணாடித் தொட்டி. தொட்டியைக் கொண்டுவந்தவர்கள் நாம். ஆகவே அதற்குள் குருடாகும் மீனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதே என் வாதம்.

கண்மாயின் ஆண்டுச் சுற்றைப் பார்த்தால் இது விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கண்மாய் பெருகும். வயல்களுக்கு மடை திறந்து திறந்து தண்ணீர் இறங்கும். பங்குனி, சித்திரைக்குள் தரை தெரியத் தொடங்கும். தென்மாவட்டங்களில் மீன்பாசி என்று ஊர்ப் பொதுவில் ஏலம் போவது அந்த மீன்தான். ஏலம் எடுத்தவர் வலை போட்டு முடித்த பிறகோ, ஏலமே இல்லாத கண்மாய்களிலோ, தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஊர்கூடி இறங்கும் நாள் ஒன்று உண்டு. ஊத்தா, கச்சா, வேட்டி, சேலை என்று கையில் கிடைத்ததைக் கொண்டு ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் மீன் பிடிப்பார்கள். அன்று மாலை ஊர் முழுக்க மீன்குழம்பு வாசம்தான். கெண்டையும் அயிரையும் இப்படி ஒரு பருவத்தில் பிறந்து அதே பருவத்தில் முடிந்துபோகும். சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்டும் விரால் போன்ற சில மட்டுமே அடுத்த மழையைப் பார்க்கும். அவையும் நாரைக்கும் கொக்கிற்கும் தப்ப வேண்டும். நன்னீர் மீன்களின் கண்வில்லையில் குடியேறிப் பார்வையைக் கெடுக்கும் ஒரு வகைத் தட்டைப்புழு இருக்கிறது. நத்தையில் வளர்ந்து, மீனின் கண்ணுக்குள் தங்கி, அந்த மீனைத் தின்னும் பறவையின் குடலில்தான் அது முதிர்கிறது. கண் மங்கிய மீன் பறவைக்கு எளிதில் அகப்படுவதால் புழுவின் வாழ்க்கைச் சுற்று நிறைவேறுகிறது. இயற்கை நீர்நிலையில் பார்வை இழப்பதும் உயிர் இழப்பதும் அநேகமாக ஒரே நாளில் நடப்பவை.

கோயில் தெப்பக்குளங்களில் மீன் பிடிப்பதில்லையே, பொரி போட்டு வளர்க்கிறார்களே, அங்கே கிழட்டு மீன் இருந்திருக்காதா என்று கேட்கலாம். இறவைக் கிணறுகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த மீன்களையும் சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் குளத்துக்குப் பொரி போடுகிறவர் மீன்கூட்டத்துக்குப் போடுகிறார். முந்தி வரும் மீன் தின்கிறது, வர முடியாதது ஆழத்தில் இருக்கிறது. எந்த மீன் வரவில்லை என்று படிக்கட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அது புண்ணியம். பராமரிப்பு என்பது ஒரு குறிப்பிட்ட உயிரை அடையாளம் கண்டுகொள்வதில் தொடங்குவது. கிணற்று மீன் கதையும் அதேதான். கொசுப் புழுவைத் தின்பதற்காக வெளிநாட்டுக் கப்பி மீனை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கம்பூசியாவை 1928-இலும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்பட்ட அவை வேலைக்காரர்கள் போல எண்ணப்பட்டன. வேலை நடந்தால் போதும், எந்த மீன் செத்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

மீனுக்கும் மனிதனுக்கும் இடையில் கண்ணாடி வந்ததும்தான் ஒற்றை மீனின் முகம் தெரிந்தது. லண்டன் விலங்கியல் பூங்காவில் 1853-இல் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சி மனை திறக்கப்பட்டது. சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் இந்தியாவின் முதல் மீன்காட்சி மனை வந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. அரசு கட்டிய அந்தக் காட்சிக்குப் பிறகு வீட்டுத் தொட்டி பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. சென்னை கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போன இடமாயிற்று. அங்கிருந்து பாலித்தீன் பையில் பிராணவாயு அடைத்த மீன்கள் தென்கோடி ஊர்களின் கடைகள் வரை வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கப் போகிற குடும்பம் திரும்பும்போது தங்கமீனையும் வாங்கி வரும் காலம் இப்படித்தான் வந்தது. அரை நூற்றாண்டுகூட ஆகாத பழக்கம் இது. இந்தக் குறுகிய காலத்தில் தொட்டி, மோட்டார், குருணைத் தீனி, மருந்துப் புட்டி எல்லாம் வந்துவிட்டன. தங்கமீன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழும் என்ற தகவல் மட்டும் அந்தப் பையோடு வருவதில்லை. இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 வயது வரை வாழ்ந்து 1999-இல் இறந்தது. பொருட்காட்சி ஒன்றில் பரிசாகக் கிடைத்த சாதாரண மீன்தான் அது.

தங்கமீனின் வரலாற்றில் கடன் இன்னும் கனக்கிறது. சீனத்தில் சோங் அரசர் காலத்துக் குளங்களில் சிவந்த கெண்டைகளைத் தனியே வளர்த்தார்கள். மிங் காலத்தில் அவை பீங்கான் சாடிகளுக்குள் குடியேறின. சாடியின் பக்கம் வழியே எதுவும் தெரியாது, மேலிருந்துதான் குனிந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கிறவர் கண்ணுக்கு எது அழகோ அதைப் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். பிதுங்கிய கண், வானத்தையே பார்க்கும் கண், நீர்ப்பை தொங்கும் கண் எல்லாம் அவ்வாறு வந்தவை. பிதுங்கிய கண் கொண்ட கருப்பு மூர் மீனுக்குப் பார்வை தொடக்கத்திலேயே குறைவு. வயதாக ஆக இன்னும் மங்குகிறது, கல்லிலோ குழாயிலோ இடித்துக் காயமும் படுகிறது. வாஸ்து மீன் என்று வாங்கி வைக்கும் அரவானாவுக்குத் தொட்டியில் ஒரு கண் கீழ்நோக்கித் தொங்கிப்போவதை வளர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். பெரும்பாலும் மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடாமல் குஞ்சுகளைப் பார்வையாலேயே வளர்க்கும் என்று நம் முன்னோர் நம்பினார்கள், அந்த நம்பிக்கையை மீனாட்சியின் அருட்பார்வைக்கும் பொருத்திச் சொன்னார்கள். விழிப்புக்கு உவமையாக நாம் எடுத்துக்கொண்ட கண்ணையே வேடிக்கைக்காகக் கோணலாக்கியிருக்கிறோம். இதற்கு அழகு என்ற ஒரு காரணத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

குருடான மீனைத் துன்பப்படாமல் முடித்துவிடுவதுதான் கருணை என்பார் உண்டு. சில நேரங்களில் அது சரியே. சிகாகோவின் ஷெட் மீன்காட்சி மனையில் 1933 முதல் வாழ்ந்த ‘கிராண்ட்டாட்’ என்ற நுரையீரல்மீனை, உடலுறுப்புகள் தளர்ந்து உணவையும் விட்டபோது, 2017-இல் மருத்துவர்களே வலியின்றி விடைகொடுத்து அனுப்பினார்கள். ஆனால் அங்கே முடிவுக்குக் காரணம் உடம்பு மொத்தமும் ஓய்ந்தது. பார்வை போனதை மட்டும் வைத்து மீனின் வாழ்வு முடிந்தது என்று சொல்ல உயிரியல் இடம் தராது. மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயத்துக் கிணறுகளில், கண்ணே இல்லாத சிவந்த சிறு கெளுத்தி ஒன்று நிலத்தடி நீரில் வாழ்கிறது. 1950-இல் விவரிக்கப்பட்டு ஹோராக்லேனிஸ் கிருஷ்ணை என்று பெயர் பெற்றது. மோப்பம், சுவை, விலாவில் ஓடும் பக்கக் கோட்டின் வழியே நீரதிர்வை அறியும் புலன் ஆகியவை எல்லா மீனுக்கும் ஏதோ ஓர் அளவில் உண்டு. கண் போன மீன் இவற்றைக் கொண்டு தொட்டியின் மூலை முடுக்கைப் படித்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது, அது படித்ததை அழிக்காமல் இருப்பது. கல்லையும் செடியையும் இடம் மாற்றக்கூடாது. தீனியை ஒரே மூலையில், ஒரே நேரத்தில், மூழ்கும் வகையாகவோ மண்புழு போன்ற வாசமுள்ளதாகவோ போட வேண்டும். செதிலைக் கடிக்கும் துணைமீன்களைப் பிரிக்க வேண்டும். தின்னாமல் கிடப்பதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கெடும். கெட்ட தண்ணீரே கண்ணுக்கு வெளிப்படலம் போட வைக்கும், அது வேறு நோய், தண்ணீர் சரியானால் பெரும்பாலும் தேறும். கண்ணின் உள்ளே மணிபோல் வெளுத்திருந்தால் புரை. பக்கத்தில் இருக்கும் தீனியைத் தவறவிடுவதும், உடல் நிறம் காரணமின்றிக் கறுப்பதும் பார்வை போவதன் அடையாளங்கள், ஏனென்றால் பல மீன்கள் சுற்றுப்புற ஒளியைக் கண்ணால் பார்த்தே நிறத்தைச் சரிசெய்துகொள்கின்றன.

மனிதருக்கே மருத்துவம் எட்டாத ஊரில் மீனுக்குப் புரையா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது, அதை அலட்சியமாகக் கடக்கக்கூடாது. மேலே சொன்னவற்றில் பணம் கேட்பது எதுவுமில்லை என்பது ஒரு பதில். இன்னொரு பதிலை இந்த வட்டாரத்தின் வரலாறே தருகிறது. வயதானால் கண் தெரியாது, அது விதி என்று கிராமங்கள் நம்பியிருந்த காலத்தில், 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முகாம்கள் ஊர் ஊராக வந்தன. புரை எடுத்த பாட்டி மறுநாள் பேரனின் முகம் பார்க்கிறாள் என்பது இன்று சாதாரணம். முதுமைக் குருட்டுத்தன்மையைப் பற்றிய வழக்கம் ஒரே தலைமுறையில் மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மீன்புரை பற்றிய அறிவும் இல்லாமல் போய்விடவில்லை. நார்வேயின் சால்மன் பண்ணைகளில் தீனியிலிருந்து இரத்தத்தூளை நீக்கியபோது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் குறைந்து புரை பெருகியது. காசு நட்டமானதும் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீனியைத் திருத்தினார்கள். வீட்டுத் தொட்டியில் நட்டம் ஒரு மீன்தான், அதனால் யாரும் தேடவில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. மீன்கடைகளுக்கெனத் தனியே 2017-இல் வந்த விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விற்கும் மீன் எத்தனை ஆண்டு வாழும் என்று கடைக்காரர் பையின் மேல் ஒரு சீட்டு ஒட்டலாம். தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி, பண்ணை மீன்களுக்குப் பயன்படும் நோயறிவை வீட்டுத் தொட்டி வைத்திருப்பவருக்கும் தமிழில் எழுதித் தரலாம். வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கண் தெரியாமல் போன மீனைப் பாவம் என்று கண்மாயில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே அது ஒரு நாள் தாங்காது. தாங்கும் வகையாக இருந்தால் இன்னும் கேடு, தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய உறிஞ்சுவாய்க் கெளுத்தி இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களை நெருக்குகிறது. அதற்குத் தெரிந்த தொட்டியிலேயே, தெரிந்த மூலையிலேயே, கடைசிவரை தீனி போடுங்கள்.