அசீசியாவின் ஐம்பத்தெட்டுப் பாகை

உலகிலேயே மிகுதியான வெப்பம் பதிவான இடம் யாது? நம் பள்ளிகளின் பொது அறிவுப் போட்டிகளில் இவ்வினா அடிக்கடி தலைகாட்டும். லிபியா நாட்டின் எல் அசீசியா. 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள். 58 பாகை செல்சியஸ். இவ்விடையைக் கரும்பலகையில் எழுதி மாணவரை மனனம் செய்வித்த ஆசிரியருள் யானும் ஒருவன். அது பிழை என்பதை 2012ஆம் ஆண்டிலேதான் உலகம் ஒப்புக்கொண்டது. அப்பிழை தோன்றிய வரலாறு, பாடம் சொல்லும் தொழிலில் உள்ள நாம் அறியத்தக்கது.

எல் அசீசியா, திரிப்போலி நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்நாளில் லிபியா இத்தாலியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர்தம் படைமுகாம் ஒன்றில் வெப்பநிலையை அளந்து வந்தனர். அதற்குப் பயன்பட்டது, ஆங்கிலேயரான ஜேம்ஸ் சிக்ஸ் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த கருவியின் வழிவந்த வெப்பமானி. அதன் அமைப்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பிழையின் வேர் அங்குத்தான் உள்ளது. இலாடம்போல் வளைந்த கண்ணாடிக் குழாயினுள் பாதரசம் இருக்கும். வெப்பம் மிகுந்தால் பாதரசம் ஒருபுறம் மேலேறி, தன்மீதுள்ள சிற்றூசியைத் தள்ளிச் செல்லும். பின்னர்ப் பாதரசம் இறங்கினாலும் ஊசி எட்டிய இடத்திலேயே நிற்கும். ஊசியின் கீழ்முனையே உச்ச வெப்பத்தைக் காட்டும். மேல்முனையைப் பார்த்து எழுதினால், ஊசியின் நீளத்தால் ஏறத்தாழ 7 பாகை கூடிவிடும். ஏழுதானே என்று எண்ணற்க. நம் நாட்டின் உச்ச வெப்பம், 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலச் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை. அதற்கும் நம்முடைய வழக்கமான நண்பகல் வெயிலுக்கும் இடையே உள்ள வேறுபாடும் அவ்வளவே.

அசீசியாவின் அளவை ஐயுற்றோர் முன்னரும் உண்டு. ஆயினும், நூலுக்கு நூல் படியெடுத்து வந்ததால் அவ்வெண் அசையாது நின்றது. உலக வானிலை ஆய்வு நிறுவனத்தின் பன்னாட்டு வல்லுநர் குழு 2010ஆம் ஆண்டளவில் இதனை ஆராயத் தொடங்கியது. அக்குழுவினருள் ஒருவராகிய லிபிய வானிலை அறிஞர் காலித் எல் பத்லி, 1922ஆம் ஆண்டின் மூலப் பதிவுத்தாளைத் தேடிக் கொணர்ந்தார். செப்டம்பர் 11ஆம் நாள்முதல் அதில் வேறொருவர் கையெழுத்து! அப்புதியவர் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் கட்டம் மாற்றி எழுதியிருந்தார். கருவிக்குப் பழகாத கை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 2011இல் லிபியாவில் புரட்சி மூண்டது. எல் பத்லியோடு குழுவினர்க்கு இருந்த தொடர்பு மாதக்கணக்கில் அற்றுப்போயிற்று. அவர் உயிரோடிருக்கின்றாரா என்று கலங்கும் நிலை. பின்னர் அவர் மீண்டு வந்தார், பணியும் தொடர்ந்தது. சுற்றுப்புற நிலையங்களின் அளவுகளோடும், அதே இடத்தில் பிற்காலத்தில் எடுத்த அளவுகளோடும் 58 பொருந்தவில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், சரியாகத் தொண்ணூறாம் ஆண்டு நிறைவன்று, அவ்வளவு செல்லாது என அறிவிக்கப்பட்டது.

பெயர் அறியாத அப்படைமுகாம் ஊழியரை நான் குறைகூறேன். பழகாத கருவியை அவரிடம் ஒப்படைத்தவர் யாரோ! ஊசியின் எம்முனை என்று ஒருமுறையும் வினவாமல் கற்பித்த எம்போன்றோர்க்கும் இதில் பங்குண்டு.

இன்று முதலிடம் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கிற்கு உரியது: 1913ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் 56.7 பாகை. இதனையும் ஐயுறும் வானிலை வரலாற்றாசிரியர் உளர். அதே இடத்தில் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், இக்காலக் கருவி காட்டியது 54.4 பாகை. எங்கள் பள்ளி நூலகத்திலுள்ள பழைய பொது அறிவு நூலில் 58ஐச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். 56.7ஐப் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கின்றேன்.