கடினத்தன்மை பொருந்தினால் தகைவும் பொருந்துமா? தூண்டல்முறைக் கடினமாக்கலின் கணினி ஒப்புருவாக்கம் குறித்து

தூண்டல்முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கிய எஃகுத் தண்டு எத்தனை காலம் உழைக்கும் என்பதில், கடினத்தன்மைக்கு உள்ள பங்கு அதனுள் தங்கிவிட்ட எச்சத் தகைவுக்கும் உண்டு. ஆயினும் இச்செயல்முறையைக் கணினியில் ஒப்புருவாக்குவோர் பல வேளைகளில் தம் கணக்கைக் கடினப்பட்ட ஆழத்தை மட்டும் கொண்டு சரிபார்க்கிறார்கள். அறுத்த மாதிரியில் அளந்த ஆழமும் கணித்த ஆழமும் ஒத்துவந்தால், அதே கணக்கு தரும் தகைவையும் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி ஏற்பதற்கு ஆதாரமில்லை என்பதே என் வாதம்.

நம் பட்டறைகளில் இ.என்.19 என வழங்கும் குரோமியம்–மாலிப்டினம் எஃகில் செய்த ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். சுருளில் 10 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாய்கிறது. ஒப்புமை உட்புகுதிறனை 100 என்று கொண்டால், குளிர்ந்த எஃகில் சுழல் மின்னோட்டம் ஏறத்தாழ 0.2 மி.மீ. ஆழத்துக்குள் அடங்கும். கியூரி வெப்பநிலையான சுமார் 770 பாகை செல்சியஸைக் கடந்ததும் காந்தத்தன்மை போய்விடுகிறது. மின்தடை எண்ணும் அதற்குள் பலமடங்கு ஏறியிருக்கும். அதே மின்னோட்டம் இப்போது 5 மி.மீ.க்கு மேல் இறங்குகிறது. மாக்ஸ்வெல் சமன்பாடுகளையும் வெப்பக் கடத்தலையும் இணைத்துத் தீர்க்கும் இந்தப் பகுதி இன்று நன்கு தேறிவிட்டது. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

சூடேறும் புறத்தோல் விரிய முயல, குளிர்ந்த உள்ளகம் அதைத் தடுக்கிறது. 700 பாகைவரை ஏறினால் தடையற்ற விரிவு நீளத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு இருக்கும். 600 மெகாபாஸ்கல் யீல்டு வலிமை கொண்ட எஃகு, அறை வெப்பநிலையிலேயே 0.3 விழுக்காட்டுத் திரிபை மட்டுந்தான் மீளும்படி தாங்கும். சூட்டில் அதுவும் குறையும். ஆகவே தண்ணீர் படுவதற்கு முன்பே புறத்தோல் அமுங்கி மீளாத் திரிபு அடைந்துவிடுகிறது. தண்ணீர் பட்டதும் அது சுருங்கி இழுவிசைக்கு உள்ளாகிறது. பின்னர், சூட்டில் உருவான ஆஸ்டனைட் கடினமான மார்ட்டன்சைட்டாக மாறுகையில் கனஅளவு 3 முதல் 4 விழுக்காடு பெருக, மேற்பரப்பு அமுக்கத்துக்குத் திரும்புகிறது. சில நொடிகளுக்குள் தகைவின் குறி இப்படி இருமுறை புரள்கிறது. கடைசியில் எஞ்சும் தகைவு இந்தப் புரட்டல்கள் அனைத்தின் நிகர விளைவு.

இவற்றுக்கிடையே எளிதில் தவறவிடப்படுவது உருமாற்ற மீளாத்திரிபு. கிரீன்வுட்டும் ஜான்சனும் 1965-இல் விளக்கியபடி, உருமாற்றம் நடக்கும் வேளையில் யீல்டு வரம்புக்கு மிகக் கீழேயுள்ள தகைவுகூட எஃகை நிரந்தரமாக நீட்டிவிடும். இதன் கெழு ஒரு மெகாபாஸ்கலுக்கு ஒரு லட்சத்தில் சில பங்கு என்ற வரிசையில் இருக்கும். புறக்கணிக்கத்தக்க எண் போலத் தோன்றலாம். 100 மெகாபாஸ்கல் தகைவில் மார்ட்டன்சைட் உருவாகும்போது, கெழுவை லட்சத்தில் 4 என்று வைத்தால் திரிபு 0.4 விழுக்காடு. அதே தகைவு தரும் மீள்திரிபோ சுமார் 0.05 விழுக்காடுதான். எட்டு மடங்கு பெரிய ஒன்றை விட்டுவிட்டுத் தகைவைக் கணித்தேன் என்று சொல்ல முடியாது.

கடினத்தன்மைச் சோதனை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. வழக்கமாகப் பயன்படும் 1959-ஆம் ஆண்டின் கோய்ஸ்டினன்–மார்பர்கர் சமன்பாட்டில், மார்ட்டன்சைட்டின் அளவு வெப்பநிலையையும் உருமாற்றம் தொடங்கும் வெப்பநிலையையும் மட்டுமே சார்ந்தது. மேற்சொன்ன கெழுவுக்கு அதில் இடமே இல்லை. அதைச் சேர்த்து ஒரு கணக்கும் சுழியாக்கி ஒரு கணக்கும் போட்டால், மார்ட்டன்சைட் பரவல் இரண்டிலும் ஒன்றே. கடினத்தன்மைக் கோடும் ஒன்றே. தகைவு மட்டும் வேறுபடும். இரு கணக்குகளையும் பிரித்தறியாத சோதனை, அவற்றில் எதையும் மெய்ப்பிக்காது.

எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவால் மேற்பரப்புத் தகைவை அளந்தால் போதாதா? எஃகில் அக்கதிர் சில மைக்ரான் ஆழமே காணும். தண்டின் குறுக்குவெட்டில் அச்சுவிசைகளின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டும். ஆகவே புறத்தோல் அமுக்கத்தை ஈடுசெய்யும் இழுவிசை உள்ளே எங்கோ இருந்தாக வேண்டும். கடினப்பட்ட அடுக்கு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே அது உச்சம் கொள்வதுண்டு. அங்கே எஃகு கடினப்படாததும்கூட; உட்புற அயர்ச்சி விரிசல் அங்கிருந்து தொடங்கலாம். மேற்பரப்பில் ஒத்துவரும் கணக்கு அந்த உச்சத்தைத் தவறவிடலாம். மின்வேதி முறையில் அடுக்கடுக்காக நீக்கி அளந்து, நீக்கியதால் தளர்ந்த தகைவுக்குத் திருத்தம் செய்யவேண்டும். அல்லது நியூட்ரான் விளிம்பு வளைவை நாடவேண்டும். இரண்டும் செலவு மிக்கவை, ஆனால் மாற்றில்லை.

உலையில் மெதுவாகச் சூடேற்றி எடுத்த உருமாற்றத் தரவையும் அப்படியே பயன்படுத்தலாகாது. நொடிக்கு நூற்றுக்கணக்கான பாகை ஏறும்போது ஆஸ்டனைட்டாக மாறி முடியும் வெப்பநிலை மேலே நகர்கிறது; ஃபெரைட்–பியர்லைட் எஃகில் அந்த நகர்வு பதப்படுத்திய எஃகைவிட அதிகம்.

எனவே தகைவு முடிவுகளை வெளியிடுவோர், உருமாற்ற மீளாத்திரிபின் கெழு என்ன, அது எந்த எஃகில் அளக்கப்பட்டது, உருமாற்றத் தரவு எந்தச் சூடேற்ற வேகத்தில் எடுக்கப்பட்டது என்பவற்றையும், கடின அடுக்கைத் தாண்டிய ஆழம்வரை அளந்த தகைவையும் கட்டுரையிலேயே தரவேண்டும். மதிப்பீட்டாளர்களும் இவற்றைக் கேட்டுப்பெற வேண்டும்.